தகரக் கூரை எங்கே ஒழுகுகிறது?

ஐப்பசியில் முதல் அடைமழை பெய்த மறுநாள் வெல்டிங் பட்டறைகளில் போன் ஓயாது. "மாடியில ஷெட் போட்டுக் குடுத்தீங்களே, ஒழுகுதுங்க" என்பதுதான் பெரும்பாலான அழைப்புகளின் சாரம். பட்டறைக்காரர் ஒரு பையனைச் சிலிக்கான் ட்யூபோடு அனுப்புவார். அவன் மேலே ஏறி, கண்ணில் பட்ட ஸ்க்ரூ தலைகளில் எல்லாம் பூசிவிட்டு இறங்குவான். அந்த மழைக்காலம் எப்படியோ தாண்டும். சித்திரை வெயிலில் பூச்சு உரிந்துவிடும். மறு ஐப்பசியில் அதே இடத்தில் அதே வாளியை வைக்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர் ஷீட் மட்டம் என்று நினைத்துக்கொள்கிறார். இன்னும் கனமான ஷீட் போட்டிருக்கலாம், இன்னும் நல்ல கம்பெனியாகப் பார்த்திருக்கலாம் என்று வருத்தப்படுகிறார். ஆனால் அலுமினியம், துத்தநாகம் கலந்த பூச்சும் அதன்மேல் பெயின்டும் போட்ட எஃகுத் தகட்டின் வழியாகத் தண்ணீர் இறங்காது. தண்ணீருக்கு வழி வேண்டும், அந்த வழியை ட்ரில்லிங் மெஷினோடு மேலே ஏறும் ஆள்தான் போட்டுக் கொடுக்கிறார்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 20 அடி அகலம், 15 அடி நீளத்தில் சாதாரண மாடி ஷெட். ஷீட்டைத் தாங்கும் பர்லின் குழாய்கள் நான்கு அடிக்கு ஒன்று வீதம் ஐந்து வரும். அகலத்துக்கு ஆறு ஷீட்டுகள். ஒவ்வொரு ஷீட்டிலும் ஒவ்வொரு பர்லினுக்கும் நான்கு ஸ்க்ரூ என்றால் 120 ஓட்டைகள். ஷீட்டோடு ஷீட்டைச் சேர்க்கும் ஸ்க்ரூக்கள், முகட்டு மூடி, ஓர மூடி இவற்றுக்கானவை தனி. நனையாமல் இருப்பதற்காகப் போட்ட கூரையில் நூற்றைம்பது ஓட்டைகளை நாமே போடுகிறோம். ஒவ்வொன்றும் சில நொடி வேலை. அந்தச் சில நொடிகளில் கை சரியாக இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த பதினைந்து வருடம் அந்த வீட்டு மாடி இருக்கும்.

நெளிவுத் தகட்டுக்கு வயது இருநூறை நெருங்குகிறது. லண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய தகட்டை அலை அலையாக மடித்தால் அது வளையாமல் நிற்கும் என்பதே அவர் கண்டது. எட்டு வருடம் கழித்து, 1837இல், பிரான்சின் ஸ்டானிஸ்லாஸ் சோரல் இரும்பைத் துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். துருவின் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. தகட்டைச் சட்டத்தோடு எப்படிப் பிடித்து நிறுத்துவது என்ற சிக்கல் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது.

பழைய அரிசி ஆலை, கிடங்கு, டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளைப் பார்த்தவர்களுக்கு ஜே போல்ட் தெரிந்திருக்கும். கொக்கி போல வளைந்த 8 மி.மீ. கம்பி. கீழே ஆங்கிளைக் கவ்விக்கொண்டு மேலே ஷீட்டின் வழியாக எட்டிப் பார்க்கும். அதன்மேல் ஒரு தார் வாஷர், ஒரு ஜி.ஐ. வாஷர், நட்டு. மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை விவரக் குறிப்புகளில் இன்றைக்கும் இந்த முறை இருக்கிறது. ஓட்டையை ஷீட் அலையின் மேட்டில்தான் போட வேண்டும், பள்ளத்தில் போடக் கூடாது என்ற விதியும் அதோடு சேர்ந்தது. கொக்கி இரும்பை முழுதாகக் கவ்விப் பிடிப்பதால் பிடி பலமாக இருக்கும். வெயிலில் தார் காய்ந்து வெடித்ததும் மழைத்தண்ணீர் கொக்கி வழியே இறங்கிவிடும் என்பது அதன் குறை.

இப்போது எல்லா இடத்திலும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூதான். முனையே ட்ரில் பிட்டாக இருப்பதால் ஷீட்டையும் பர்லினையும் ஒரே மூச்சில் துளைத்து மரையும் போட்டு இறங்கிவிடும். தலைக்குக் கீழே ஓர் உலோக வாஷர், அதன் அடியில் ஒட்டினாற்போல் ஒரு ரப்பர் வாஷர். கூரையின் உயிர் அந்த ரப்பர் வளையத்தில் இருக்கிறது. குக்கர் மூடிக்குக் கேஸ்கெட் எப்படியோ, ஸ்க்ரூவுக்கு இந்த வளையம் அப்படி.

இந்த ரப்பர் இ.பி.டி.எம். வகையாக இருக்க வேண்டும். வெயில், ஓசோன் இரண்டையும் பல வருடம் தாங்குவதற்கென்றே உருவான செயற்கை ரப்பர் அது. விலை குறைந்த ஸ்க்ரூக்களில் பி.வி.சி.யோ வேறு மட்டமான ரப்பரோ வருகிறது. கடையில் இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரியும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் நல்ல ரப்பர் அமுங்கி உடனே மீளும். மட்டமானது நகத்தடத்தை வைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கல் போல அமுங்கவே அமுங்காது. முழு ஷெட்டுக்கும் நல்ல ஸ்க்ரூ, மட்டமான ஸ்க்ரூ இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஷீட் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஷீட்டுக்குக் கேஜ் கேஜாகப் பேரம் பேசும் வீட்டுக்காரர்கள் ஸ்க்ரூ பாக்கெட்டைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இனி முறுக்கும் விஷயம். ஸ்க்ரூ செங்குத்தாக இறங்கி, ரப்பர் சற்றே அமுங்கி, உலோக வாஷரின் விளிம்போடு விளிம்பாக அல்லது ஒரு மயிரிழை வெளியே தெரிய வேண்டும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் இறுக்கமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். அந்த ஒரு சுற்றுதான் கூரையைக் கெடுக்கிறது. ரப்பர் பிதுங்கி வெளியே விரிந்து ஓரத்தில் கிழியும், உலோக வாஷர் குழிந்துபோகும். அதைச் சுற்றி ஷீட்டும் ஒரு சின்னக் கிண்ணம் போல அமுங்கி மழைத்தண்ணீர் அங்கேயே தேங்கும். முறுக்காமல் விட்டாலோ, ரப்பருக்கும் ஷீட்டுக்கும் நடுவே காற்றுப் போகும் இடைவெளி நின்றுவிடும். சாய்ந்து இறங்கிய ஸ்க்ரூவில் இரண்டு குறையும் சேர்ந்து வரும்: ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாய் திறந்து.

இதைக் கையின் பழக்கத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. கிளட்ச் வைத்து, குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் தானாக விலகும் ஸ்க்ரூ கன்கள் இருக்கின்றன. பட்டறைகளில் பெரும்பாலும் கையில் இருப்பது கட்டுப்பாடில்லாத ட்ரில்லிங் மெஷின், அல்லது தட்டித் தட்டி முறுக்கும் இம்பாக்ட் டிரைவர். இம்பாக்ட் டிரைவர் வேகமானது. வாஷரை எப்போது நசுக்கியது என்று பிடித்திருப்பவருக்கே தெரியாத அளவுக்கு வேகம். கடைசி இரண்டு சுற்றை மெதுவாக விடும் ஆள் கிடைத்தால் அவர் கேட்கும் கூலியைக் கொடுத்துவிடலாம்.

ஸ்க்ரூவை மேட்டில் அடிப்பதா, பள்ளத்தில் அடிப்பதா என்பது எல்லாக் கூரை வேலையிலும் எழும் சண்டை. பள்ளத்தில் அடிப்பது எளிது. ஷீட் பர்லின்மேல் படிந்து உட்கார்ந்திருக்கும், ஒரு அங்குல ஸ்க்ரூ போதும், முறுக்கினால் நேராக இறங்கும். மேட்டில் அடிக்க வேண்டுமானால் மேட்டின் உயரத்தையும் தாண்டிப் பர்லினைத் துளைக்க நீளமான ஸ்க்ரூ வேண்டும், அதற்கு விலையும் கூட. அடியில் வெற்றிடம் இருப்பதால் அதிகம் முறுக்கினால் மேடு நசுங்கும். அதனால் நம் ஊர் ஆட்கள் பலர் பள்ளத்தையே தேடுகிறார்கள்.

அமெரிக்காவில் பள்ளத்திலேதான் அடிக்கிறார்கள் என்று காணொளிகளைக் காட்டி வாதிடுபவர்களும் உண்டு. அது உண்மைதான். அங்கே இப்படி ஸ்க்ரூ அடிக்கும் ஷீட்டைத் தட்டையான பகுதியில் அடிப்பதே வழக்கம். ஷீட் சட்டத்தோடு இறுகப் படிவதால் வாஷர் நன்றாக உட்காரும் என்பது அவர்களின் வாதம். ஆஸ்திரேலியாவில் கூரைக்கு மேடு, சுவருக்குப் பள்ளம் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் மாதக் கணக்கு மழையைக் கொட்டும் வடகிழக்குப் பருவமழையையும், வாட்டமே இல்லாமல் படுத்துக் கிடக்கும் நம் மாடி ஷெட்டுகளையும் வைத்துப் பார்த்தால் ஆஸ்திரேலிய வழிதான் நமக்குப் பொருந்தும். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அங்கே அடித்த ஸ்க்ரூவின் வாஷர் ஒவ்வொரு மழையிலும் ஓடும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். மேட்டில் அடித்த ஸ்க்ரூவின்மேல் துளி விழுந்து இரண்டு பக்கமும் வழிந்துவிடும். வாஷர் கொஞ்சம் பழுதானாலும் மேட்டில் இருப்பது பல வருடம் தாக்குப்பிடிக்கும்.

வாட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பிடிச் சுவரின் உயரம், பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பு, அழகு என்று பல காரணங்களுக்காக வாட்டத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். வாட்டம் குறையக் குறையத் தண்ணீர் ஷீட்டின் மேல் தங்கும் நேரம் கூடுகிறது. ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் இந்த வகை ஷீட்டில் எந்த ஸ்க்ரூவும் நிம்மதியாக இருக்காது.

வெயில் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. சித்திரை மதியத்தில் அடர்நிற ஷீட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். விடியற்காலையில் 25க்கு இறங்கும். 6 மீட்டர் எஃகு ஷீட் 40 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. அலுமினிய ஷீட் அதைப்போல் இரண்டு மடங்கு. இது தினமும் நடக்கிறது. ஸ்க்ரூ பர்லினில் அசையாமல் நிற்க, ஷீட் மட்டும் முன்னும் பின்னும் இழுபடுவதால் வட்டமாக இருந்த ஓட்டை நாளடைவில் நீள்வட்டமாகிறது. வாஷரின் விளிம்புக்கு வெளியே ஓட்டை எட்டிப் பார்க்கும் நாளில் ஒழுக்கு ஆரம்பிக்கும். பெரிய தொழிற்சாலைக் கூரைகளில் ஷீட்டைத் துளைக்காமல், அடியில் கிளிப் வைத்துக் கவ்விப் பிடிக்கும் முறையைக் கையாள்வது இதனால்தான். கிளிப்பின் மேல் ஷீட் வழுக்கி நகரலாம், ஓட்டையே இல்லை. செலவும் திறமையும் கூடுதலாகக் கேட்பதால் மாடி ஷெட்டுகளுக்கு அது இன்னும் வரவில்லை.

காற்றுக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி, ஊர்வாரியாக அடிப்படைக் காற்று வேகத்தைக் கொடுத்திருக்கிறது. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. விநாடிக்கு 50 மீட்டர் என்றால் மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். அரை மி.மீ. ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவுக்கும் குறைவு. மிச்சம் முழுவதையும் தாங்க வேண்டியவை ஸ்க்ரூக்கள்தான். மாடி ஷெட்டுகள் பக்கவாட்டில் திறந்தவை. காற்று அடியில் புகுந்து மேலே தள்ளும், மேலே ஓடும் காற்று உறிஞ்சி இழுக்கும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரில், 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில், 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யத்தில் தகரங்களைத் தாள்களாகப் பறக்கவிட்டதை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பறக்கும்போது முதலில் பிய்வது ஓரமும் மூலையும். அங்கேதான் உறிஞ்சல் அதிகம். ஆகவே கீழ் விளிம்பு, முகடு, இரு பக்க ஓரங்கள் ஆகிய இடங்களில் மேட்டுக்கு மேடு ஸ்க்ரூ வேண்டும். நடுப்பகுதியில் ஒன்றுவிட்டு ஒன்று போதும். மெல்லிய சதுரக் குழாயைப் பர்லினாகப் போட்டு அதில் எத்தனை ஸ்க்ரூ அடித்தாலும் மரை பிடிக்க உலோகம் போதாது. குழாயின் சுவர்க் கனத்தைக் கேட்டு, எடை போட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகம் கற்ற இடம் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம். 1974 டிசம்பர் 24 இரவு தொடங்கிக் கிறிஸ்துமஸ் காலை வரை டிரேசி என்ற புயல் அந்த ஊரைச் சுற்றிச் சுழன்றது. விமான நிலையத்தின் காற்றுமானி மணிக்கு 217 கி.மீ. என்று காட்டியதோடு பழுதானது. பெரும்பாலான வீடுகள் கூரையிழந்து குடியிருக்க முடியாதபடி ஆயின, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பிறகு பொறியாளர்கள் கிடந்த தகரங்களை எடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. ஸ்க்ரூக்கள் சட்டத்திலேயே நின்றன. அவற்றின் தலையைச் சுற்றி ஷீட் விரிசல் விட்டுக் கிழிந்து, ஸ்க்ரூவை விட்டுவிட்டுக் கழன்று போயிருந்தது.

அந்தக் கூரைகளும் சோதனையில் தேறியவைதான். சோதனைச் சாலையில் ஒரே சீராக எடையேற்றி இழுத்துப் பார்த்திருந்தார்கள். புயல் அப்படி இழுப்பதில்லை. இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். இப்படிச் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தே ஒடிப்பதுபோல ஷீட் களைத்துக் கிழிந்திருக்கிறது. டிரேசிக்குப் பிறகுதான் தகட்டை ஆயிரக்கணக்கான முறை இழுத்துவிட்டுச் சோதிக்கும் முறை அங்கே கட்டாயமானது. டவுன்ஸ்வில்லில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் 1977இல் புயல் சோதனை நிலையத்தைத் தொடங்கியது. மேட்டின் வடிவத்துக்கே வளைந்து, பெரிய பரப்பில் அழுத்திப் பிடிக்கும் புயல் வாஷர்கள் அங்கே பரவின. நாகையிலும் கடலூரிலும் ஷெட் போடுபவர்கள் அந்த அகல வாஷரைக் கேட்டு வாங்கினால் நல்லது.

இனி சேர்க்கைகள். ஷீட்டின் மேல் ஷீட் ஏறும் பக்கம் காற்றுக்கு எதிராக வாய் திறந்திருக்கக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். ஆகவே தென்மேற்கு ஓரத்தில் முதல் ஷீட்டைப் போட்டு வடகிழக்கை நோக்கி நகர வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோவைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையே பலமாக அடிக்கும் இடங்களில் இதற்கு நேர் எதிர். முகட்டிலிருந்து கீழ் விளிம்பு வரை ஒரே நீள ஷீட் கிடைத்தால் குறுக்குச் சேர்க்கையே வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் 150 மி.மீ.க்குக் குறையாமல் ஏற்றி, நடுவில் பியூட்டைல் டேப் வைத்து, பர்லினுக்கு நேராக அடிக்க வேண்டும். முகட்டு மூடிக்குள் போகும் பள்ளத்தின் முனையைக் குறடால் மேலே மடித்துவிடுவது ஐந்து நிமிட வேலை. காற்றோடு ஏறிவரும் சாரலை அந்த மடிப்பு தடுக்கும். இதைச் செய்யாமல் விட்ட கூரைகள்தான் அதிகம்.

மாடிப்படி அறையின் சுவரோடு ஷீட் சேரும் இடம் தமிழ்நாட்டு மாடிகளின் தீராத ஒழுக்கு. கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் கலவையை ஷீட்டின் மேலேயே இழுத்துப் பூசிவிடுகிறார்கள். ஷீட் தினமும் நகர்கிறது, சிமெண்ட் நகராது, அதனால் மூன்றே மாதத்தில் கீறல். அதோடு நிற்பதில்லை. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்துவிடும், ஷீட் அந்தக் கோட்டில் பொத்துப்போகும். சுவரில் காடி வெட்டி, வளைத்த தகட்டின் ஒரு விளிம்பை அதற்குள் சொருகி, மறு விளிம்பை ஷீட்டின் மேல் இறக்கிவிடுவதே சரியான வழி. சுவரில் சொருகிய பக்கம் அசையாமலும் ஷீட் அதன் அடியில் தாராளமாக நகர்ந்துகொண்டும் இருக்கும்.

ஸ்க்ரூ அடிக்கும்போது உதிரும் இரும்புத் தூளை அன்றன்றே பெருக்கிவிட வேண்டும். ஒரு தூறல் பட்டால் போதும், ஒவ்வொரு துகளும் துருப்பிடித்துப் பெயின்டைத் தின்னத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் நல்லதென்று நினைத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுபவர்கள் உண்டு. அலுமினிய துத்தநாகப் பூச்சுள்ள ஷீட்டோடு உப்புக்காற்றில் அது சேரும்போது, ஸ்க்ரூ பளபளவென்று இருக்க, சுற்றியுள்ள ஷீட் அரிபடும். ஷீட்டுக்குச் சமமான பூச்சுள்ள ஸ்க்ரூவே ஏற்றது.

ஏற்கெனவே ஒழுகும் கூரைக்கு என்ன செய்வது? சொட்டு விழும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். தண்ணீர் பர்லின் ஓரமாகப் பல அடி ஊர்ந்துவிட்டுத்தான் சொட்டும். நல்ல வெயிலில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சில ஓட்டைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். தெரியாவிட்டால் ஹோஸ் குழாயால் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக மேலேறி நனைக்க, ஒழுகும் வரிசை பிடிபடும். மழையே இல்லாமல் விடியற்காலையில் சொட்டினால் அது ஒழுக்கே இல்லை. குளிர்ந்த ஷீட்டின் அடியில் காற்றின் ஈரம் படிந்து உதிர்கிறது, அதற்குக் காற்றோட்டம்தான் மருந்து.

பழுதான ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு அளவு பெரிய ஸ்க்ரூவைப் புது வாஷரோடு அதே ஓட்டையில் இறக்குவதே முறையான பழுதுபார்ப்பு. பர்லினில் படாமல் வெறுங்காற்றில் சுற்றும் ஸ்க்ரூக்கள் ஒவ்வொரு கூரையிலும் சில இருக்கும். நூல் பிடிக்காமல் கண்மதிப்பில் அடித்ததன் விளைவு. அவற்றை எடுத்துவிட்டு, ஓட்டையின்மேல் சிறு தகட்டுத் துண்டை சீலன்ட் வைத்து, அடைப்பு முனையுள்ள ரிவெட் அடித்து மூட வேண்டும். சீலன்ட் வாங்கும்போது வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அதன் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். மேலே ஏறுபவர் ஈரம் காய்ந்த பிறகே ஏற வேண்டும், ஸ்க்ரூ வரிசையின் மேல், அதாவது அடியில் பர்லின் இருக்கும் இடத்தில், காலை வைக்க வேண்டும். நடுவில் மிதித்தால் மேடு அமுங்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் உடைந்து ஆளே விழுந்துவிடுவார்.

ஷெட் போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொட்டேஷனில் ஷீட்டின் கனமும் சதுர அடி விலையும் மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இ.பி.டி.எம். வாஷர் ஸ்க்ரூ, மேட்டில் அடிப்பது, ஓரங்களில் மேட்டுக்கு மேடு, சுவர்ச் சேர்க்கையில் காடி வெட்டிய தகடு, நியூட்ரல் சீலன்ட் இவற்றை எழுதி வாங்குங்கள். ஷீட் ஏற்றும் நாளன்று வீட்டில் இருங்கள். முதல் பத்து ஸ்க்ரூ இறங்கியதும் வேலையை நிறுத்தச் சொல்லி, ஏணியில் ஏறி ஒவ்வொரு வாஷரையும் பாருங்கள்.